சோற்றின் அளவும் உடல் எடையும்: குன்னூர் முதல் மறைமலை நகர் வரை

மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தொழில் நகரம். சென்னையின் நெருக்கடியைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட துணை நகரம் இது. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளின் (1876–1950) பெயர் இதற்கு இடப்பட்டது. அடிகள் மரக்கறி உணவை வலியுறுத்தியவர். மனிதர் நூறாண்டு வாழும் வழி பற்றி நூலும் எழுதியவர். 1990களின் இறுதியில் இங்கு ஃபோர்டு கார் ஆலை வந்தது. 2022இல் அதன் உற்பத்தி நின்றது. இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஆலைகள் தொடர்கின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வட்டாரம், ஒரு தலைமுறைக்குள் சுழல் முறை வேலைக்கு மாறிவிட்டது. ஆனால் மதியச் சாப்பாட்டின் நடுவில் இன்னும் சோறுதான் இருக்கிறது. எடை குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

சோற்றை மட்டும் குறைத்தால் போதுமா என்ற கேள்வி புதியது போலத் தோன்றும். தமிழ்நாட்டில் அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு.

குன்னூர் ஆய்வுகள்

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த ஆய்வகம் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

மெக்காரிசனின் பெயரை நிலைக்கச் செய்தது எலிகளை வைத்து அவர் செய்த ஒப்பீடு. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்ற சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் 140 நாளில் சராசரியாக 235 கிராம் எடையை எட்டின. தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட மெட்ராஸ் உணவில் வளர்ந்தவை 155 கிராமில் நின்றன. பட்டியலில் கடைசி இடம் மெட்ராசுக்கு.

இதிலிருந்து அரிசியே கெட்டது என்று முடிவு கட்டுவது அவசரம். அரிசி தட்டை நிரப்பியதால் பால், கீரை, பருப்பு ஆகியவற்றுக்கு இடமில்லாமல் போனதும் குறைதான். அரைக்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடுகிறது. நெல்லை அவித்து அரைக்கும் புழுங்கல் அரிசியில் அது ஓரளவு தங்குகிறது. ஆலைப் பச்சரிசி உண்ட வட சர்க்கார் ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தபோது, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பியதற்குக் காரணம் இதுவே. மெக்காரிசனுக்குப் பின் வந்த ஏக்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். பலமுறை திருத்தப்பட்ட அந்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது.

அன்று எடை ஏறாததுதான் கவலை. அதே தட்டு பின்னாளில் எடை ஏறும் கவலையைக் கொண்டுவந்தது.

மாறிய உழைப்பு, மாறாத தட்டு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு அளவீட்டின்படி, கடும் உடலுழைப்பு உள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கிலோ கலோரி தேவை. நடுத்தர உழைப்புக்கு 2,710. உட்கார்ந்த வேலைக்கு 2,110. ஏர் பூட்டியவருக்கும் கணினி முன் அமர்ந்தவருக்கும் உள்ள வேறுபாடு 1,360. இது ஏறத்தாழ 400 கிராம் அரிசி தரும் ஆற்றல். தாத்தா உண்ட அளவைப் பேரன் உண்டால் மிச்சம் எங்கே போகும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. கார் ஆலையில் நின்று பொருத்தும் தொழிலாளி நடுத்தர உழைப்பில் வருவார். அவரே மேற்பார்வையாளராகி நாற்காலிக்கு மாறினால் கணக்கும் மாறிவிடுகிறது.

அரிசி எளிதாகக் கிடைப்பதற்குப் பின்னால் அரசியல் உண்டு. 1967இல் அண்ணா அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசி திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய இந்தச் சாதனையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புரதம் அதே வேகத்தில் வரவில்லை. ரேஷனில் மானிய விலைத் துவரம்பருப்பு 2007இல்தான் வந்தது. அட்டைக்கு மாதம் 1 கிலோ, விலை 30 ரூபாய்.

சென்னை ஆய்வுகள்

2001இல் சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் தொடங்கிய பெரிய ஆய்வில், நகர மக்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருவது தெரிந்தது. அதை அதிகம் உண்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் இரத்த டிரைகிளிசரைடும் கூடுதலாக இருந்தன.

மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. மாற்றியவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. தராசு முள் நகரவில்லை என்று மூன்றாம் வாரத்தில் முயற்சியைக் கைவிடுபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

தீட்டிய அரிசிக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகு என மாறுவது இன்றைய பரவலான வழி. ஐதராபாத் அட்டவணையின் பழைய பதிப்பைப் புரட்டினால், 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், கேழ்வரகில் 72, கோதுமை மாவில் 69. நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் அதிகம் என்பது உண்மை. மாவுச்சத்துக் கணக்கில் பெரிய விலகல் இல்லை. நாடு தழுவி 1,21,077 பேரை ஆராய்ந்து 2025இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வும் இதையே சொல்கிறது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்து. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றியதில் நோய் ஆபத்து குறையவில்லை. ஆற்றலில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றும்போது குறைந்தது.

எடை குறைப்பிலும் புரதத்துக்குத் தனி வேலை உண்டு. உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. போதிய புரதம் அந்த இழப்பைக் குறைக்கும், பசியையும் தள்ளிப்போடும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் துவரம்பருப்பில் இருப்பது 22 கிராம். நீர்த்த சாம்பாரில் எவ்வளவு சேரும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மறுகோடிக்குப் போய்ச் சோற்றை அறவே விடுபவர்களும் உண்டு. இலண்டனில் வில்லியம் பேன்டிங் 1863இல் வெளியிட்ட சிறு நூலிலிருந்தே ரொட்டியும் சர்க்கரையும் தவிர்க்கும் முறை பரவியது. இங்குள்ள ஆய்வாளர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. நீரிழிவைத் தணிக்க இந்தியாப் குழு 2022இல் பரிந்துரைத்த அளவு மாவுச்சத்து 49–54 சதவீதம், புரதம் 19–20, கொழுப்பு 21–26. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைச் சட்டென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, 2,000 கிலோ கலோரி நாளுக்குத் தானியம் 250 கிராம் (சமைக்கும் முன் எடை), காய்கறி–கீரை 400, பருப்பு அல்லது முட்டை–இறைச்சி 85, பால் அல்லது தயிர் 300 மில்லி என்று வகுக்கிறது. தானியத்தை விடக் காய்கறி எடை கூடுதல். உணவகங்களின் 'அளவுச் சாப்பாடு' சோற்றை மட்டுமே அளக்கிறது. பொரியல் இன்னும் சிறு கிண்ணத்தில்தான் வருகிறது.