பழைய நிலப் பத்திரங்களில் ஆண்டும் ஊரும்

நம் முன்னோர் கடல் கடந்து வந்து இந்த மண்ணில் காலூன்றியதற்குச் சாட்சி சொல்பவை நிலப் பத்திரங்கள். பினாங்கில் 1801ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கியது. கப்பித்தான் காதர் முகையதீன் அவர்களின் முயற்சியால் அங்கே எழுந்ததுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அன்று கம்பெனி கொடுத்த அத்தகைய சாசனத்துக்கு ‘கிராண்ட்’ என்று பெயர். நிலப்பட்டாவை இன்றும் ‘கெரான்’ என்கிறோமே, அது அந்தச் சொல்லின் திரிபுதான்.

நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படிப்பட்ட பத்திரங்களும், தாயகத்தில் எழுதிய கிரயச் சீட்டுகளும் பெட்டிக்குள் உறங்குகின்றன. எடுத்து வாசிக்கும்போது நாம் தடுமாறும் இடங்கள் இரண்டு: ஆண்டு, ஊர்.

முதலில் ஆண்டு. தமிழ்ச் சீட்டில் ‘துன்மதி வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1801ஆகவும் இருக்கலாம், 1861ஆகவும் இருக்கலாம், 1921ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது. பாட்டனார் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது நம் வழக்கம். பெயரும் ஒன்று, வருடமும் ஒன்று என்றால் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவோம். இடையில் ஒரு தலைமுறையே வம்சாவளியிலிருந்து மறைந்துவிடும். வாரிசுப் பங்கு பிரிக்கும்போதும் வக்ஃபு நிலத்துக்கு ஆதாரம் காட்டும்போதும் இது சிறிய பிழையாக இராது.

இதற்கு மருந்து அதே தாளில் இருக்கக்கூடும். பக்கத்தில் ஹிஜ்ரி 1216 என்றிருந்தால் அது 1801ஆம் ஆண்டுத் துன்மதி. 1278 என்றிருந்தால் 1861ஆம் ஆண்டுத் துன்மதி. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவுக்குக் குறைவு. ஆகவே ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்து ஆங்கில ஆண்டைக் கண்டுவிட முடியாது. ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும். மஃரிபிலேயே மறுநாள் பிறந்துவிடுவதால் தேதியில் ஒருநாள் வேறுபாடு வருவதும் இயல்பே. திருநெல்வேலிப் பக்கத்துச் சீட்டுகளில் கொல்லம் ஆண்டும் காணப்படும். ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டுடன் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரி முதல் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

அடுத்து ஊர். ஊர் நகர்வதில்லை, அதன் ஜில்லா மாறுகிறது. ராமநாதபுரம் ஜில்லா உருவானதே 1910இல்தான். அதற்கு முந்தைய கீழக்கரைச் சீட்டில் மதுரை ஜில்லா என்றிருந்தால் வேறு ஊர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. திருநெல்வேலியில் இருந்த காயல்பட்டினம் 1986இல் தூத்துக்குடி மாவட்டத்துக்கும், கடையநல்லூர் 2019இல் தென்காசி மாவட்டத்துக்கும் போயின. தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த நாகூர் 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது.

இங்கும் அப்படியே. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்பது பினாங்கு. ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்பது செபராங் பிறை. லூமூட், பங்கோர் பகுதிகளைக் கொண்ட டிண்டிங்ஸ், 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் நீரிணைக் குடியேற்றங்களோடு இருந்தது. 1935இல் பேராவிடம் திரும்பியது. ஆகவே இடைப்பட்ட காலத்து நிலப் பதிவை அன்றைய ஆட்சியின் ஏடுகளில்தான் தேட வேண்டும்.

பத்திரத்தைப் படியெடுக்கும்போது அதில் உள்ள ஆண்டையும் ஊரையும் உள்ளபடியே எழுதுவோம். இன்றைய ஆண்டுக் கணக்கையும் மாவட்டப் பெயரையும் அதன் அருகில் தனியாகக் குறிப்போம். மூலத்தை நாம் திருத்திவிட்டால் நமக்குப் பின் வருபவர் சரிபார்க்க வழியிருக்காது. இந்த விழா ஆண்டிலேயே, வீட்டுப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அந்தப் பெட்டிகளைத் திறந்து அவர்கள் அருகில் அமர்ந்து வாசிப்போம். இரண்டு பெயர்களில் எவர் பாட்டனார், எவர் பேரன் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.