இஞ்சி எழுப்பிய மதில்

குனோங் ராபாட் என்றதும் ஈப்போக்காரர்களுக்கு நினைவு வருவது ஹியோங் பியா. மால்ட் சர்க்கரையும் சின்ன வெங்காயமும் உள்ளே வைத்து, மேலே எள் தூவி, அடுப்பின் உட்சுவரில் அப்பித் தேங்காய் மட்டைத் தணலில் சுட்டெடுக்கும் சீனப் பலகாரம் அது. டிசம்பரில் எங்கள் வீட்டு அவனிலிருந்து வருவது வேறு வாசம். பிள்ளைகளுக்கு ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டியாக வேண்டும்.

இந்தப் பெயரின் முற்பாதி நம்முடையது. இஞ்சியோடு ‘வேர்’ சேர்ந்த தென்னாட்டுச் சொல்தான் பாலி மொழியில் ‘சிங்கிவேர’ ஆனது என்பது சொல்லாய்வாளர் பலரின் முடிவு. முதலில் இருந்த சகரம் தமிழில் உதிர்ந்துவிட்டதாம். வடமொழிக்காரர்கள் அதைச் ‘சிருங்கவேர’ என்று மாற்றி, கொம்பு வடிவ உடல் என்று பொருளும் சொல்லிக்கொண்டார்கள். இஞ்சிக் கிழங்கைப் பார்த்தால் கொம்பு மாதிரிதான் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிரேக்கத்தில் அது ‘சிங்கிபெரிஸ்’. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமின் பிளினி, இஞ்சி மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் நம்பியதை மறுத்து, ஒரு பவுண்டு 6 தினாரியஸ் என்று விலையும் எழுதிவைத்தார். கருமிளகு 4 தினாரியஸ்தான். அந்தக் கிரேக்கச் சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஜிஞ்சர்’ என்று நின்றது. அந்த ஆங்கிலச் சொல்லின் ஊர்வலத்துக்கே 1952இல் ஆலன் ராஸ் ஒரு தனி நூல் எழுதினார்.

பிற்பாதியில்தான் வேடிக்கை. ‘பிரெட்’ இங்கே ரொட்டியே இல்லை. பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்சிப்ராஸ்’ என்றால் பதப்படுத்திய இஞ்சி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு வந்த அந்தச் சொல்லின் வால், ஆங்கிலக் காதுக்கு ‘பிரெட்’ என்று கேட்டது. பெயர் ரொட்டியானதும் பண்டமும் அந்தப் பக்கம் சாய, 15ஆம் நூற்றாண்டில் இஞ்சி போட்ட இனிப்புக் கேக்குக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காது கேட்ட தவறுக்கு அடுப்பு பொறுப்பேற்றதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

வீடு வந்தது ஜெர்மனியிலிருந்து. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஹான்சல், கிரெத்தல் கதையில் சூனியக்காரியின் வீடு ரொட்டியால் ஆனது, கூரை கேக், சன்னல் சர்க்கரை. இஞ்சி அதில் இல்லை. 1893இல் ஹம்பர்டிங்க் அந்தக் கதையை ஓப்பரா ஆக்கி டிசம்பர் 23 அன்று வைமாரில் அரங்கேற்றிய பிறகு, கதையும் கிறிஸ்துமசும் இன்னும் நெருங்கிவிட்டன.

கட்டுமானத்தில் இஞ்சித்தூள், பட்டை, கிராம்பு, வெல்லப்பாகு எல்லாம் மாவில் சேரும். ஈப்போ மழைக்காலத்துக்கு அது போதாது. மாவு மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், நன்றாகச் சுட வேண்டும். அவனிலிருந்து எடுத்த சூட்டோடு அட்டை வைத்து ஓரம் நறுக்க வேண்டும், ஆறினால் உடையும். சன்னலுக்குக் கண்ணாடி மிட்டாயை நொறுக்கி ஓட்டையில் போட்டுச் சுட்டால் உருகிப் பரவும். ஒட்டுவதற்கு முட்டையின் வெள்ளைக்கருவும் பொடிச் சர்க்கரையும் அடித்த ஐசிங். சுவர்கள் நிற்பதற்குள் கூரையை ஏற்றப் பரபரக்கும் பிள்ளைகளைத் தடுப்பதுதான் பெரிய வேலை. ஏர்கோன் இல்லாத வீட்டில் இரண்டொரு நாளிலேயே காற்றின் ஈரம் இறங்கி, கூரை தொய்ய ஆரம்பிக்கும்.

இதைத் தமிழில் ‘இஞ்சி ரொட்டி வீடு’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். வேண்டாம், அது ஆங்கிலத்தின் காதுக்கோளாறை இரண்டாம் முறை ஏற்றுமதி செய்வது. ஜிஞ்சர்பிரெட் வீடு என்று சொல்லலாம், வாயில் நுழையாதவர்கள் இஞ்சி பிஸ்கட் வீடு என்றாலும் சரி. பழந்தமிழில் ‘இஞ்சி’ என்பதற்கு மதில் என்றும் ஒரு பொருள் உண்டு. கிழங்குக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஒலி மட்டும் ஒன்று. ஆனாலும் இந்த வீட்டுச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும்?