பாலாற்று மணலும் மல்லைக் கரையும்

பல்லவன் தந்திவர்மனை உத்திரமேரூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் பேரேரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர் வந்தது அவனுடைய சிறப்புப் பெயரால். அந்த ஏரியின் வண்டலை வாரிக் கரையில் கொட்டுவதற்கு ஏற்பாடு செய்ததைச் சொல்லும் அவன் காலத்துக் கல்வெட்டும் நம் ஊரில்தான் இருக்கிறது. இதே மன்னனின் பெயர் பொறித்த இன்னொரு கல், மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்துக் கடற்கரையில் பல நூற்றாண்டுகள் மணலுக்குள் கிடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து மணலை அரித்துக்கொண்டு போன பிறகுதான் அங்கிருந்த பாறையின் எழுத்துகள் வெளியே தெரிந்தன.

எழுத்துகளைப் படித்த இந்தியத் தொல்லியல் துறையினர், அவை திருவிழிச்சில் என்னும் ஊரின் முருகன் கோயிலுக்கு விட்ட கொடைகளைச் சொல்வதைக் கண்டார்கள். கோயில் கண்ணில் படவில்லை. அருகிலிருந்த மணல் மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம் கிடைத்தது. அதற்கும் அடியில் பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய, இன்னும் பழைய கோயில் ஒன்று கிடைத்தது. அதைச் சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கணித்தார்கள். கல்லால் செய்த வேலும், குரவைக் கூத்து ஆடும் பெண்களைக் காட்டும் சுடுமண் பலகையும் அங்கே கிடைத்தன. தந்திவர்மன், கம்பவர்மன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், முதலாம் இராசராசன் என்று வரிசையாக வரும் பெயர்களில் பலவும் நம் ஊர்ச் சுவர்களைப் படித்தவர்களுக்குப் பழகியவை. கோயிலில் விளக்கெரியப் பொன் வைத்த செய்தியும் இருக்கிறது. பொன் வாரியமும் ஏரி வாரியமும் நடத்திய நம் சபையாரின் காலத்து மனிதர்கள், கடலோரத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்று அது.

கி.பி. 919, 921 ஆண்டுகளின் குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவை இருந்த வைகுண்டப் பெருமாள் கோயில் நிலைத்து நின்றது. திருவிழிச்சிலின் கல்வெட்டுகளை மணல் காப்பாற்றியது. வைகுண்டப் பெருமாள் கோயிலை எவ்வளவு கருத்தாகப் பார்க்கிறோமோ அவ்வளவு கருத்தாகக் கடற்கரை மணல் மேட்டையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாமல்லபுரம் முழுவதற்குமே இது பொருந்தும். அது பெரிய துறைமுகமாக இருந்தது. திருமங்கையாழ்வார் இந்தக் கடல்மல்லையைப் பாடும்போது செல்வமும் யானைகளும் மணிக்குவைகளும் சுமந்து நிற்கும் கலங்களைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நீர்ப்பெயற்று என்ற துறையும், இரவில் கலங்களுக்கு வழிகாட்டிய அதன் விளக்கு மாடமும் இந்தக் கரையில்தான் இருந்தன என்பது ஆய்வாளர் சிலரின் முடிவு. பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே தேடுவோரும் உண்டு. அங்கே வசவசமுத்திரத்தில் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, உரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. மல்லையில் கடற்கரைக் கோயிலுக்கு வடப்பக்கம் மணலை அகற்றியபோது 1990-இல் பூவராகர் சிற்பமும் அதை ஒட்டிய சிறு கோயிலும் வெளிவந்தன. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேலான உப்புக் காற்றில் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் முகம் தேய்ந்து நிற்கின்றன. மணலுக்குள் இருந்தவற்றின்மேல் அந்தக் காற்று படவில்லை.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? நம் ஊர் வழியாகவும் வந்தது என்பதுதான் விடை. நம் ஊர்ப் பக்கம் ஓடும் செய்யாறும், வேகவதியும் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கின்றன. பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. நம் கரையோரம் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக ஓடி, மணலையும் இழுத்துச் செல்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பினாலும், மொத்தக் கணக்கில் மணல் வடக்கே போவதுதான் மிகுதி. சென்னைத் துறைமுகம் கட்டியபோது இதைக் கண்ணாரக் கண்டார்கள். 1876-இல் தொடங்கிய அந்தச் சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே காசிமேடு பக்கம் கடல் ஊருக்குள் புகுந்தது. பாலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மல்லை, சாளுவன்குப்பம் என்று கரை நீள்கிறது. அலை ஒதுக்கிய மணலைக் காற்று தூக்கிப் போடுகிறது. இராவணன் மீசைப் புல்லும், சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடிய அடப்பங்கொடியும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மேடு அப்படித்தான் எழும்புகிறது. தை, மாசி, பங்குனி இரவுகளில் பங்குனி ஆமை ஏறிவந்து முட்டையிடுவதும் இந்தக் கரையில்தான்.

இதைப் போன்ற மணல் நிலம் உலகின் இன்னொரு மூலையிலும் இருக்கிறது. பால்டிக் கடலோரத்தில் லித்துவேனியாவின் துறைமுக நகரம் கிளைபெடா. 1252-இல் ஜெர்மானியப் போர்த்துறவிகள் எழுப்பிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. நெடுங்காலம் மேமல் என்று பெயர். எதிரே தெற்காக 98 கி.மீ. நீளத்துக்கு ஒரு மணல்திட்டு, ஒருபுறம் கடலும் மறுபுறம் காயலுமாக நீள்கிறது. சில இடங்களில் மேடுகள் 60 மீட்டர் உயரம். அதன்மேல் இருந்த காட்டை மனிதர்கள் வெட்டித் தீர்த்ததும், பிடிமானம் போன மணல் நடக்கத் தொடங்கியது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சிற்றூர்கள் பலவற்றை மணல் விழுங்கியது. நீடா என்னும் ஊரார் குடியிருப்பையே இடம் மாற்றிக்கொண்டார்கள். பிறகு புல்லும் பைனும் நட்டு, கடல் முகப்பில் தடுப்பு மேடு எழுப்பி, தலைமுறை தலைமுறையாக உழைத்து அதை நிறுத்தினார்கள். 2000-இல் யுனெஸ்கோ அந்த மணல்திட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மாமல்லபுரம் 1984-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே மணலும் சின்னமாக மதிக்கப்படுகிறது, இங்கே கல் மட்டுமே.

பால்டிக்குக்கும் நம் கரைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டிய கருவாலி மரத்தில் நல்ல பங்கு பால்டிக் துறைமுகங்களிலிருந்து வந்தது. 1629-இல் ஆஸ்திரேலியக் கரையருகே மூழ்கிய பட்டாவியா கப்பலின் பலகைகளை ஆராய்ந்தவர்கள் அதில் பால்டிக் மரத்தைக் கண்டிருக்கிறார்கள். அத்தகைய கப்பல்களில் வந்தவர்கள்தாம் சதுரங்கப்பட்டினத்தில் நம் நெசவாளர்களின் மெல்லிய துணியை வாங்கிச் சென்றவர்கள். செங்கல் கோட்டையும், டச்சு மொழியில் எழுத்து வெட்டிய கல்லறைகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. 

நம் மணல் மேடுகளுக்கு இப்போது இரண்டு பக்கமும் இழப்பு. மேலே, ஆற்றில் மணல் அள்ளுவதால் கடலுக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. கீழே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விடுதிகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் மேடுகளைச் சமன் செய்துவிடுகிறார்கள். 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மணல் மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைத்தது. சட்டம் இருக்கிறது, மேடு எது என்று காட்டும் ஊரார்தான் வேண்டும். தரைமட்டமாக்கும் எந்திரத்துக்கு அடியில் இன்னொரு திருவிழிச்சில் இருந்தால் அது நமக்குத் தெரியவே போவதில்லை. சவுக்கு நட்டால் போதும் என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்பில்லை. சவுக்கு காற்றைத் தடுக்கும், உண்மை. ஆனால் அதன் சருகு மூடிய தரையில் அடப்பங்கொடி படராது, ஆமையும் ஏறாது. பழைய கொடியும் புல்லும் இருக்கிற இடத்தில் அவற்றை விட்டுவைப்பதே முதல் வேலை.

இந்த மலரைப் படிக்கும் நம் வட்டாரத்து ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது நேரே ஐந்து ரதத்தில் இறக்கிவிடாதீர்கள். முதலில் திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கூடும் இடத்தைக் காட்டுங்கள்; அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில், மருத்துவமனை நடத்திய விவரம் சொல்லும் வீரராசேந்திரன் கல்வெட்டும் இருக்கிறது. அடுத்து வயலூர், இராசசிம்மன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டிவைத்த தூண். பிறகு சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை, மல்லை. முடிவில் சாளுவன்குப்பத்துக்குப் போய், தந்திவர்மன் பெயர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.