நூறு சென்டிமீட்டர் கஞ்சாச் செடி

தலைப்பைப் பார்த்துட்டு உள்ள வந்தவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்: இது வளர்ப்புக் குறிப்பு இல்ல. நம்ம ஊர்ல 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தா 10 வருஷம் வரைக்கும் உள்ள இருக்கணும். நான் பேசப்போறது ஒரு செடியோட உயரத்துக்குப் பின்னால இருக்குற நூறு வருஷக் கதை.

கதை பாரிஸ்ல ஆரம்பிக்குது. 1910களின் தொடக்கத்துல ஜூலியன் தூர்னுவான்னு ஒரு தாவரவியல் ஆராய்ச்சியாளர். நாருக்காக வளர்க்குற கஞ்சா வகையையும், பியர்ல கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் கொடியோட சொந்தக்காரக் கொடி ஒண்ணையும் குளிர்காலத்துல கண்ணாடிக் கூடத்துக்குள்ள விதைச்சார். வெளியே கோடையில ஆள் உயரத்தைத் தாண்டி வளர வேண்டிய செடி, இங்க குட்டியா இருக்கும்போதே பூத்துடுச்சு. குளிரா, உரமா, ஈரமான்னு ஒவ்வொண்ணா யோசிச்சவர், கடைசியில பகல் நேரம் குறையுறதுதான் காரணம்னு எழுதினார். அதுலயும், பகல் குறையுறதைவிட இரவு நீளுறதுதான் முக்கியமா இருக்கணும்னு அவருக்குத் தோணுச்சு. அதை நிரூபிக்க நேரம் கிடைக்கல. முதல் உலகப் போர் வந்துச்சு, போர்முனைக்குப் போனவர் திரும்பி வரல.

அதனால பெயர் வேற ரெண்டு பேருக்குப் போச்சு. அமெரிக்க வேளாண் துறையில கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு பேர். அவங்க கையில இருந்தது ‘மேரிலாண்ட் மாமத்’ங்கிற புகையிலை. கோடை முழுக்கப் பூக்காம இலை மேல இலையா 10 அடிக்கு மேல போகும்; அதையே குளிர்காலத்துல கண்ணாடிக் கூடத்துல வெச்சா சின்னதுலயே பூக்கும். 1918-ல ஒரு இருட்டுக் கொட்டகை கட்டி, தினமும் சாயங்காலம் தொட்டிகளை உள்ள தள்ளி, காலையில வெளிய இழுத்தாங்க. கோடையிலயே பூ வந்துடுச்சு. 1920-ல கட்டுரை வெளியாச்சு. 1938-ல ஹாம்னர், பானர்னு ரெண்டு பேர், நடுராத்திரி கொஞ்ச நேரம் விளக்கு போட்டாலே பூக்குறது நின்னு போகுதுன்னு காட்டினாங்க. செடி கணக்கு வெச்சிருக்கறது இருட்டைத்தான். தூர்னுவா ஊகிச்சது சரி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொஞ்சம் கனமாகும்.

இப்போ 1980கள், கலிஃபோர்னியா. 1983-ல இருந்து அரசாங்கம் ஹெலிகாப்டர்ல மலைக்காடுகளைச் சுத்தி, தோட்டம் தோட்டமா வெட்டித் தள்ளுது. செடிகள் வீட்டுக்குள்ள போயிடுச்சு. ஆனா வீட்டுக்குக் கூரைன்னு ஒண்ணு இருக்கே! எட்டடி அறையில மேல கொதிக்குற விளக்கு, கீழ தொட்டி. நடுவுல மிச்சமிருக்கறது கொஞ்ச இடம்தான். விளக்கைத் தொட்டா நுனி கருகும், உயரமா வளர்ந்தா அடிக்கிளைக்கு வெளிச்சமே போகாது. அப்பத்தான் பழைய ஆராய்ச்சி கை கொடுத்துச்சு: விளக்கை 12 மணி நேரமாக் குறைச்சா செடி பூக்க ஆரம்பிக்கும். ஆனா உடனே நிக்காது. பூக்கத் தொடங்கினதும் சில வாரத்துக்குக் கடகடன்னு நீளும், சில சமயம் ரெண்டு மடங்கு. அதனால முழங்கால் உயரத்துலயே பூக்க வெச்சு, குட்டிச் செடிகளை நெருக்கமா அடுக்கினாங்க. ‘ஸீ ஆஃப் கிரீன்’னு பேர் வெச்சாங்க, பச்சைக் கடல்.

அந்தக் கடல்தான் ஆபத்தாப் போச்சு. 1980களின் கடைசியில திருத்தப்பட்ட அமெரிக்க மத்திய சட்டத்துல, எடை எவ்வளவா இருந்தாலும் 100 செடி இருந்தா குறைஞ்சபட்சம் 5 வருஷம், 1000 செடின்னா 10 வருஷம். காட்டுல பத்தடி மரமா நிக்குறதும் ஒண்ணு, அலமாரிக்குள்ள ஒரு அடி நிக்குறதும் ஒண்ணு. உயரத்தைச் சமாளிக்கக் கண்டுபிடிச்ச வழியே தண்டனையை ஏத்திவிட்டுச்சு. அப்புறம் பலரும் எண்ணிக்கையைக் குறைச்சு, சில செடிகளை வலைக்கு அடியில படுக்கைவாக்குல பரப்பி விடுற முறைக்குப் போனாங்க. செடியோட வடிவத்தை வரைஞ்சதுல தோட்டக்காரனுக்குச் சமமாச் சட்டத்துக்கும் பங்கு இருக்குன்றது என் கருத்து.

விளக்கோட சூடும் காட்டிக் கொடுத்துச்சு. 1992-ல ஓரிகன் மாநிலத்துல டேனி கைலோங்கிறவர் வீட்டைத் தெருவுல இருந்தே வெப்பக் கருவியால பார்த்தாங்க. அப்புறம் சோதனை போட்டப்ப உள்ள 100-க்கு மேல செடி. வாரண்ட் இல்லாம இப்படிப் பார்த்தது செல்லாதுன்னு 2001-ல உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ன்னு சொல்லுச்சு. வீட்டுக்குள்ள யார் எப்போ குளிக்கிறாங்கன்னு கூட இந்தக் கருவி காட்டிடுமேன்னு நீதிபதி ஸ்கேலியா கவலைப்பட்டார். அவர் தாராளவாதின்னு பேர் வாங்கினவர் இல்ல, ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடைசியா கனடா. 2017-ல கொண்டுவந்த சட்ட மசோதாவுல வீட்டுக்கு 4 செடி வெச்சுக்கலாம், ஆனா எந்தச் செடியும் 100 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு இருந்துச்சு. நூறு வருஷமா வெளிச்சம், இருட்டு, கூரைன்னு பேசின விஷயம் அளவு டேப்புக்கு வந்து நின்னுடுச்சு. லீவுல ஊருக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள 101 ஆயிட்டா குற்றவாளியான்னு கேள்வி வந்துச்சு. எந்த போலீஸ்காரர் வீடு வீடாப் போய் அளப்பாருன்னும் கேட்டாங்க. நாடாளுமன்றக் குழு அந்த வரியை எடுத்துடுச்சு. 4 செடிங்கிற கணக்கு மட்டும் 2018 சட்டத்துல தங்கிடுச்சு.