தீயணைப்பு வீரனாவதற்கு என்ன தகுதி வேண்டும்?

சில காலத்துக்கு முன்னர் உறவினர் ஒருவரின் திருமணத்துக்காக எல்லவுக்குச் சென்றிருந்தேன். மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், நான் பத்திரிகையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, கை கழுவும் இடத்தில் என்னை அணுகினார்.

"ஐயா, தீயணைப்புப் படையில சேர என்னென்ன தகுதி வேணும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொன்னாங்க."

அவருக்கு வயது இருபத்துநான்கு. எல்லவுக்கும் நமுனுகுல மலைக்கும் இடையிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதாயிருக்கும்போது அவர்களுடைய லயம் எரிந்திருக்கிறது. தோட்டத்துச் சங்கு ஊதியதாம். வாளியும் குடமுமாக எல்லாரும் ஓடிவந்தார்களாம். தீயணைப்பு வண்டி வந்தபோது பன்னிரண்டு காம்பராக்களில் கூரைத் தகரம் மட்டுமே எஞ்சியிருந்ததாம். "அந்த வண்டியில வந்தவங்க மாதிரி ஆகணும்னு அன்னைக்கே நினைச்சேன் ஐயா" என்றார்.

தகுதிகளைச் சொல்வது எளிது. இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் மாநகர சபைகளின் பொறுப்பிலேயே உள்ளது. பதுளை மாவட்டத்தில் பதுளை மாநகர சபையும் பண்டாரவளை மாநகர சபையும் தீயணைப்புப் பிரிவுகளைக் கொண்டுள்ளன. அந்த ஊழியர்கள் மாகாண அரச சேவையைச் சேர்ந்தவர்கள். விண்ணப்பதாரர் இலங்கைப் பிரஜையாகவும் மாகாணத்தின் நிரந்தர வதிவாளராகவும் இருத்தல் வேண்டும். வயதெல்லை உண்டு. க.பொ.த. சாதாரண தரச் சித்தி வேண்டும். உயரமும் மார்பளவும் அளக்கப்படும். இவற்றை நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு அவை அனைத்தும் முன்னமே தெரிந்திருந்தன. அவர் கேட்க விரும்பியது வேறொன்று என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

அன்றிரவு அந்தத் தகுதிப் பட்டியலையே எண்ணிக்கொண்டிருந்தேன். அரசாங்க வர்த்தமானியில் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும் அப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மலையகத் தமிழரின் ஒரு தலைமுறை நின்றுகொண்டிருக்கிறது.

முதலாவது வரி, பிரஜாவுரிமை. அந்த இளைஞரின் பாட்டனார் இதே தோட்டத்தில் பிறந்தவர். சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டுவழி நடந்து வந்த பூட்டனுக்கு எந்தப் பதிவாளர் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்? சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மாத்திரமே.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று இரு அரசுகளும் மனிதரைப் பங்கிட்டுக் கொண்டன. எஞ்சியோர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களையும் இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தையும் கடந்த பின்னரே நாடற்ற நிலை சட்டப்படி ஒழிந்தது. ஆக, பட்டியலின் முதலாவது வரியைத் தாண்டுவதற்கு மாத்திரம் ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அந்த இளைஞரின் பாட்டனாருக்கு எத்தனை பெரிய தீயை அணைக்கும் வல்லமை இருந்திருந்தாலும், அரசாங்கச் சீருடை அணியும் தகுதி அவருக்கு இருந்ததில்லை.

இரண்டாவது வரி, கல்வி. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்படும் வரையில், பெரும்பாலானவற்றில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், பெரட்டுக்கு முன்னும் பின்னும் பாடம். சாதாரண தரம் என்பது அந்தத் தலைமுறைக்கு நகரத்துப் பிள்ளைகளின் சொல். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்பது 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் இடம்பெற்றது. 2007 ஜூலை முதல் சேவையில் சேரும் அரசாங்க ஊழியர்கள் இரண்டாவது அரசகரும மொழியையும் கற்க வேண்டும் எனச் சுற்றறிக்கை வந்தது. பதுளையின் தீயணைப்பு வண்டியில் தமிழ் பேசும் ஒருவர் இருப்பது எவருக்கும் செய்யும் சலுகையன்று. எரியும் லயத்தினுள்ளே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு தாய் அலறும்போது, அதை உடனே விளங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும்.

மூன்றாவது வரியைப் பற்றி நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் எழுதியதேயில்லை. எழுதாதது என் தவறு. உயரம்! நாடளாவிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வு 2016இல் வெளிக்கொணர்ந்த கணக்கு இது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள் நாடு முழுவதிலும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். கருவுற்ற தாய் கொழுந்துக் கூடையோடு மலையேறியதும், வீட்டில் பால்மா தீர்ந்துபோனதும், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் நேர்முகப் பரீட்சை மண்டபத்தின் சுவரில் வரைந்த கோட்டுக்கு அருகே வந்து நிற்கின்றன. அளவுகோல் நடுநிலையானது, அது எவரையும் இனம் பார்த்து அளப்பதில்லை. ஆனால் அதன் முன்னே நிற்கும் உடல் வரலாற்றுக்கு வெளியே வளர்ந்ததன்று.

இவ்விடத்தில் தமிழ்நாட்டை ஒப்பிடலாம். அங்கு தீயணைப்பாளர்கள் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தின் மூலம் தெரிவுசெய்யப்படுகின்றனர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைத் தகுதி. ஆண்களுக்கு உயரம் 170 சென்ரிமீற்றர். ஆதிதிராவிடர், பழங்குடியினர் எனில் 167 சென்ரிமீற்றர். அந்த மூன்று சென்ரிமீற்றருக்குள் ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வயிறு காய்ந்த சமூகத்தின் பிள்ளையை அளக்கும்போது, அந்தக் காய்ச்சலையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதே அது. ஒப்பந்தத்தின் பேரில் ஊவாவிலிருந்து கப்பலேறிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே பாட்டனின் இரண்டு பேரர்கள், கடலின் இரு கரைகளில், இரண்டு அளவுகோல்களின் முன்னே நிற்கிறார்கள்.

இனி, தீயின் பக்கத்துக்கு வருவோம். ஊவாவின் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. தென்மேல் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இப்புறம் கச்சான் காற்றாய் வறண்டு இறங்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேயே அந்த மணம் கொழுந்தில் ஏறுகிறது. அதே காற்றுத்தான் மானாப்புல்லையும் பைனஸ் காட்டையும் பொரிய வைக்கிறது. எல்லக் குன்று எரிவதை அம்மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பதுண்டு. தேயிலைக்கு விலையேற்றும் காற்றே லயத்துத் தீயையும் ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்கு ஏற்றிச் செல்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாய்க் கட்டப்பட்ட நூற்றாண்டுப் பழைமையான லயத்தில், மேலே தடுப்புச் சுவரும் இல்லாவிடில், தீக்கு வேறு வழி வேண்டியதில்லை.

எல்லவிலிருந்து பண்டாரவளை சுமார் பன்னிரண்டு கிலோமீற்றர். பதுளை சுமார் இருபது. எல்ல ஒரு பிரதேச சபைப் பகுதி. தோட்டமோ அந்தப் பிரதேச சபைக்குள்ளும் நெடுங்காலம் முழுமையாக இருந்ததில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே சபைகள் தோட்டங்களுக்குச் சேவையாற்ற வழி பிறந்தது. வழி பிறந்துவிட்டதே தவிர, வண்டி ஏறும் பாதை இன்னமும் பல தோட்டங்களில் பிறக்கவில்லை.

ஆகவே, இம்மலைகளில் முதலில் வந்து சேரும் மீட்பர் எப்போதும் அயலவரே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோதும், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டபோதும், சீருடைகள் வருமுன் ஓடிச் சென்றவர்கள் அக்கம்பக்கத்தவர். கயிறும் விளக்கும் பயிற்சியும் அவர்களிடம் இருந்ததில்லை. அவர்களுள் சிலரையேனும் பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்து அரச சேவையில் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

மறுநாட் காலை அந்த இளைஞர் என்னைத் தேடி வந்தார். தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் அவர் விண்ணப்பித்திருக்கிறார். சாதாரண தரத்தில் சித்தி இருந்தது. உயரமும் போதுமானதாக இருந்தது. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பது நாட்களின் பின்னர் அவர் கைக்குக் கிடைத்தது. தோட்டத்தில் வீடுகளுக்கு இலக்கம் இல்லை. எல்லாருடைய கடிதங்களும் ஒரே பெட்டிக்குப் போய், அங்கிருந்து யாரோ எடுத்து வந்து, எப்போதோ கொடுப்பார்கள். கடிதவுறையை அவர் இன்னும் வைத்திருக்கிறார். தபால் முத்திரையின் திகதியைச் சுட்டிக் காட்டினார்.

"கடுதாசி நேரத்துக்கு வரணும்கிறதும் ஒரு தகுதியா ஐயா?"

முதல்நாள் அவர் கேட்க வந்த கேள்வி இதுதான்.

பாட்டனாரைப் பிரஜாவுரிமை தடுத்தது. தகப்பனைப் பள்ளிக்கூடம் தடுத்தது. சட்டத்தின் கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன என்று நாம் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் பேரனை ஒரு தபால் பெட்டி தடுத்திருக்கிறது. அவருக்கு வயதெல்லை கடப்பதற்குள் அடுத்த வர்த்தமானி வர வேண்டும்.

பண்டாரவளை நகரில் எனக்கு நன்கு தெரிந்த கடையொன்றின் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை இந்த விலாசத்தைப் போடுங்கள் தம்பி என்றேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போனார். இத்தனை ஆண்டுகள் எழுதியவனால் கொடுக்க முடிந்தது பிறர் வீட்டு முகவரி ஒன்றுதான் என்பது ரயிலில் வரும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. தோட்டத்து வீடுகளுக்கு இலக்கமும், அந்த இலக்கத்துக்கு நேரே வரும் தபாற்காரரும் வேண்டும் என்ற கோரிக்கையை இதனை வாசிக்கும் மக்கள் பிரதிநிதிகள் எவரேனும் இருப்பின் கையிலெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.