மைப்பேனா கைமாறி வந்த கதை



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஐந்து பேர் ஆளுக்கொரு மைப்பேனாவோடு நிற்கும் படம். "இந்தக் காலத்தில் இது எதற்கு சார்?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். "சட்டைப்பை பத்திரம்" என்று ஒருவர் எச்சரிக்கையும் செய்திருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் ஒரு வரியில் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒரு சின்ன அறிவியல். இறகையோ கட்டைப் பேனாவையோ மையில் தொட்டுத் தொட்டு எழுதிய உலகத்துக்கு, மையை உள்ளேயே வைத்துக்கொள்ளும் பேனா நெடுநாள் கனவாக இருந்தது. செய்து பார்த்தவர்கள் பலர். மை ஒன்று வராது, அல்லது கொட்டிவிடும். 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாதான் நன்றாக விற்பனையானது. நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் அவர் மெல்லிய கீற்றுகள் போட்டார். மை நுண்புழை வழியாகக் கீழே இறங்கும், இறங்கிய மையின் இடத்துக்குக் காற்று மேலே ஏறும். இரண்டும் அளவாக நடந்தால் பேனா எழுதும். இன்றுவரை எல்லா மைப்பேனாவும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

நம் நாட்டில் இந்தப் பேனா வெள்ளைக்காரர் பொருளாகத்தான் வந்து இறங்கியது. அதை நம்முடையதாக ஆக்கியதில் ஒரு பொற்கொல்லருக்குப் பெரும் பங்கு உண்டு. ராஜமுந்திரியைச் சேர்ந்த கே.வி. ரத்னம் 1921இல் காந்தியைச் சந்தித்தபோது, மக்களுக்கு அன்றாடம் பயன்படும் பொருளைச் செய்யும்படி காந்தி சொன்னார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். ரத்னம் பேனா செய்ய இறங்கினார். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்தால் கிடைக்கும் எபோனைட் கம்பிகளைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்த பேனாக்கள் அவை.

அந்தப் பேனா காந்தி கைக்குப் போனது ஜே.சி. குமரப்பா வழியாக. நம் தஞ்சாவூரில் பிறந்தவர், காந்தியப் பொருளாதார அறிஞர், அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். எழுதிப் பார்த்த காந்தி, கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்ற பொருளில் 1935 ஜூலையில் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் தூண்டினார், ஒருவர் செய்தார், ஒருவர் கொண்டுபோய்க் கொடுத்தார், வாங்கியவர் எழுதிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நம் நாட்டில் மைப்பேனா பரவியது பெரும்பாலும் இப்படித்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பேனா எல்லாத் திசையிலும் பரவியது. சென்னை பாரிமுனையில் 1920களிலிருந்தே ஜெம் அண்ட் கோ என்ற பேனாக்கடை இருக்கிறது. அவர்களுடைய காமா பேனாக்களை இன்றும் தேடிப் போய் வாங்குகிறார்கள். 1931இல் தண்டேகர் சகோதரர்கள் பம்பாயில் தொடங்கிய நிறுவனம்தான் கேம்லின். கேமல் மைப்புட்டியை அறியாத பள்ளிக்கூடம் இந்தியாவில் இருந்திருக்காது. ஜப்பானின் பைலட் பேனாவும் மதராசிலேயே தயாரானது. கலைஞர் கருணாநிதி எழுதியது பம்பாயில் தயாரான வாலிட்டி பேனாவில்.

இவை எல்லாவற்றுக்கும் உயிர் நிப்பு. நிப்பு என்றால் சாத்தூர். இன்று சாத்தூர் என்றால் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் நாடு முழுக்க உள்ள பேனாக்காரர்களுக்கு நிப்புதான் நினைவுக்கு வரும். தகட்டை வெட்டி, துளை போட்டு, முத்திரை குத்தி, வளைத்து, நடுவில் பிளவு போட்டு, முனையைத் தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார்கள். குடிசைத் தொழிலாக வீடுகளிலும் சின்னச் சின்னப் பட்டறைகளிலும் நடந்தது. மழையை நம்பியிருந்த அந்தக் கரிசல் பூமியில், விவசாயம் கைவிட்ட ஆண்டுகளிலும் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு அந்தச் சின்னத் தகடும் ஒரு காரணம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1965 வரை சேலம் மாவட்டம், பிறகு தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி என்று நம் ஓசூருக்கு மாவட்டம்தான் மாறியதே தவிர, எல்லை ஊரின் குணம் மாறவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நாம் மை என்போம், கன்னடப் பிள்ளை ஷாயி என்பான், தெலுங்குப் பிள்ளை சிரா என்பான். பரீட்சை அறையில் மை தீர்ந்தால் எந்த மொழியில் கேட்டாலும் ஒரு சொட்டு கிடைக்கும். பெஞ்சில் சிந்தினால் சாக்பீஸை வைத்து உறிஞ்சி எடுப்போம். புது நிப்பு கீறினால் சிமெண்ட் தரையில் எட்டுப் போட்டுத் தேய்ப்போம். பிளவில் தூசி அடைத்தால் பாதி பிளேடு. என் வயது உறவுகளுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

1938இல் லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரியர் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அது நம் கிராமம் வரை வர நாளாயிற்று. அந்தக் கையெழுத்தை ஏற்க வங்கிகளே தயங்கிய காலம் ஒன்று உண்டு. 1980களில் சென்னையிலிருந்து ரெனால்ட்ஸ் வந்தது. வெள்ளை உடல், நீல மூடி. மை நிரப்ப வேண்டாம், கழுவ வேண்டாம், தீர்ந்தால் தூக்கி எறியலாம். குறை சொல்ல முடியாத வசதி. பத்து ஆண்டுகளில் வகுப்பறையில் மைக்கறை படிந்த விரல்களைக் காண்பதே அரிதாகிவிட்டது. சாத்தூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

இதே கதையைக் கடிகாரத்திலும் நாம் பார்த்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். எல்லைக்கு இந்தப் பக்கம் நம் ஊரில் டைட்டன் வந்தது. 1984இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். அதில் வேலை கிடைத்து இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் முடிவெடுத்தார்கள். இன்று அந்தப் பழைய கடிகாரங்களைத் தேடித் தேடி வாங்கி, பழுது பார்த்துக் கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பழுது பார்க்கும் சில கைகளுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

இனி என் கதை கொஞ்சம். 1990களின் நடுவில் எங்கள் ஆசிரியர் அறையில் மைப்பேனா வைத்திருந்தது நான் ஒருவன்தான். மைப்பேனாவின் பெருமையைச் சொல்லி யாரையும் மாற்ற முடியாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டேன். அரையாண்டு விடைத்தாள் கட்டு வந்தது. கணக்கு வாத்தியார் மூன்றாம் நாள் கட்டைவிரலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்துமுனையை அழுத்தினால்தான் எழுதும். மைப்பேனா தாளைத் தொட்டாலே போதும். ஒன்றும் பேசாமல் ஒரு பேனாவில் சிவப்பு மை நிரப்பி, "இந்தக் கட்டை மட்டும் இதில் திருத்திப் பாருங்கள் சார்" என்று கொடுத்தேன். கட்டு முடிந்தது, பேனா திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் அவரே இரண்டு வாங்கினார்.

தலைமையாசிரியை அம்மாவுக்குப் பச்சை மை. சான்றிதழ்களில் நாளுக்கு எத்தனை கையொப்பம் போடுவார்! அவருக்கும் ஒன்று நிரப்பிக் கொடுத்தேன். தமிழாசிரியர் யாரும் சொல்லாமலே சேர்ந்துகொண்டார். உடற்கல்வி ஆசிரியருக்கு மட்டும் ஒத்துவரவில்லை. டிராக் சூட் பையில் போட்டு மைதானம் முழுக்க ஓடினால் எந்தப் பேனாதான் தாங்கும்? இரண்டே நாளில் வணக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுவும் சரிதான். எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது.

ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலை உங்கள் பக்கம் திரும்பியது. தொழிற்சாலையில் டூல் ரூமில் இருக்கும் ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தபோது ஒரு பேனாவைக் கையில் கொடுத்தேன். அவன் எழுதிப் பார்க்கவில்லை. செல்போன் கேமராவைப் பெரிதாக்கி நிப்பைப் பார்த்தான். "பிளவு நடுவில் இல்லை சார், அதான் ஒரு பக்கம் கீறுது" என்றான். எவ்வளவு மெல்லிய தகடு, எந்த இடத்தில் வளைவு என்று அவன் சொல்லச் சொல்ல, இத்தனை வருடம் எழுதிய எனக்கே புதிதாக இருந்தது. அவன் போய் அவனோடு வேலை பார்ப்பவர்களுக்குக் காட்டினான். ஷிஃப்ட் பதிவேட்டில் ஒருவர், வீட்டுக் கணக்கில் ஒருவர், மகளுக்குக் கையெழுத்துப் பழக்க ஒருவர். இப்படி ஐந்து பேர் ஆனார்கள். நீங்கள் படத்தில் பார்த்தது அவர்களைத்தான்.

அவனிடம் நான் கேட்டேன்: "இந்த நிப்பை நம் ஊரில் செய்ய முடியாதா?" அவன் சொன்னது: "டை போடுறது எங்களுக்குப் பெரிய வேலை இல்லை சார். வாங்க ஆள் இருக்கா?"

நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இந்தக் கேள்விக்குத்தான். இன்று நம் நாட்டில் கையால் செய்யும் பேனாக்களுக்கு மறுபடி ஒரு மதிப்பு வந்திருக்கிறது. நம் திருவள்ளூரில் எம்.எஸ். பாண்டுரங்கன் குடும்பத்தார் கடையும் ரங்கா பேனாக்கள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. ராஜமுந்திரியிலும் பட்டறை ஓடுகிறது. ஆனால் இப்படிக் கையால் கடைந்த நல்ல பேனா பலவற்றில் பொருத்தப்படும் நிப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது. வடக்கே சில நிறுவனங்கள் இன்னும் நிப்பு செய்கின்றன, மறுக்கவில்லை. என்றாலும், வெளிநாட்டுப் பேனாவுக்கு மாற்று வேண்டும் என்று 1930களில் பாடுபட்டார்கள், சாத்தூர் அதற்கு நிப்பு வெட்டிக் கொடுத்தது, நாம் எழுதுவதை நிறுத்தினோம், அந்தக் கை ஓய்ந்தது, இப்போது மறுபடி நிப்புக்கு வெளிநாடு. திறமை இல்லாமல் போன தொழில் இல்லை இது. வாங்க ஆள் இல்லாமல் போன தொழில். அந்தக் கேள்வியைக் கேட்டவனும் ஒரு தொழிலாளி. தன் இயந்திரத்துக்கும் ஒருநாள் இந்த நிலை வரலாம் என்று தெரிந்துதான் கேட்டான்.

ஆகவே ஆர்வம் உள்ளவர்களுக்குச் சில வார்த்தை. முதல் பேனா விலை குறைந்ததாக இருக்கட்டும். மைப்பேனாவுக்கென்று விற்கும் மையை மட்டும் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம். பையில் நிப்பு மேலே பார்த்தபடி நிறுத்துங்கள். மை ஊறிப் பரவினால் பேனாவைத் திட்டாதீர்கள், பல நேரம் குற்றம் தாளுடையது. பிள்ளைகளின் பொதுத்தேர்வில் நீலம் அல்லது கருப்பு மை என்றுதான் வினாத்தாளிலேயே போட்டிருக்கும், எனவே பயம் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரை மாற்ற நினைத்தால் அவரிடம் பேனாவைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். மை நிரப்பி ஒருநாள் கடன் கொடுங்கள்.

உலகில் 2012 முதல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமையை மைப்பேனா நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அதைவிடப் பொருத்தமான நாள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆயுத பூஜையன்று சிப்காட்டில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் புத்தகத்தையும் பேனாவையும் வைப்பார்கள். இந்த வருடம் அந்தத் தட்டில், தீர்ந்தால் மறுபடி நிரப்பக்கூடிய ஒரு பேனாவை வையுங்கள். மறுநாள் அதை எடுத்து நாலு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி, மதிப்பெண் உண்டு.

பேனா அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தண்ணீர்க் கிண்ணமும் பழைய துணியும் திண்ணையிலேயே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்