ஆசிரியர் கிடைக்காதவர்களின் கண்ணாடி



உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், எண்ணெய் வர்ணத்தில முகம் வரையப் பழக்க இந்தப் பக்கம் யார் இருக்காங்க?" இதே கேள்வியோடு அரண்மனைக்குள்ளேயே அலைந்த ஒருவரின் கதையை முதலில் சொல்கிறேன்.

1862 இல், 14 வயதில், ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே எண்ணெய் வர்ணம் தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பழகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான், குருவுக்குத் தெரியாமல் வந்து தொழிலைக் காட்டிக் கொடுத்தார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். 1868 இல் வந்த ஐரோப்பிய ஓவியர் ஜென்சனும் படிப்பிக்கவில்லை. தான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் விட்டார். ரவிவர்மாவை எல்லோருக்கும் தெரியும். ஆறுமுகம் பிள்ளையை எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படி ஒளித்து வைத்த வித்தைதான் என்ன? இன்று அது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. அடிப்பூச்சை டர்பன்டைன் கலந்து மெல்லிசாக இட வேண்டும், மேலே போகப் போக ஆளி எண்ணெய் கூட வேண்டும், மாறினால் வெடிக்கும். இந்த வர்ணம் காய நாட்கள் எடுக்கும். இன்று பிழைத்த கன்னத்தை நாளைக்கு வழித்துவிட்டுத் திரும்பவும் போடலாம். பழகுகிறவனுக்கு இதைவிட இரக்கமான வர்ணம் இல்லை.

வர்ணம் சரி, முன்னால் அசையாமல் இருப்பது யார்? வான்கோவிடம் ஆள் பிடிக்கக் காசு இல்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். பாரிஸில் இருந்த 2 வருடங்களில் மட்டும் 20 க்கு மேல். தோலுக்குத் தோல் நிறம்தான் வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை, பச்சையையும் பூசினார். போட்டோ பிடிப்பதற்கும் உணர்ச்சியை வரைவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தை இங்கே திறக்கவில்லை. வரலாறாக ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஜஹாங்கீர் காலத்து ஓவியர் தௌலத், அழகெழுத்துக் கலைஞர் அப்துர் ரஹீமுக்கு எதிரே உட்கார்ந்து வரைபவராகத் தன்னையும் ஓர் ஏட்டின் முடிவில் தீட்டினார். அந்த ஏடு இப்போது லண்டனில் இருக்கிறது.

எண்ணெய் வர்ணத்தில் நமது பக்கத்து ஆள் என்றால் எனக்கு அம்ரிதா ஷேர்கில்தான். தந்தை பஞ்சாபி, தாய் ஹங்கேரியர். 1929 இல், 16 வயதில், பாரிஸுக்குப் படிக்கப் போனார். அவருக்கு ஆசிரியர்கள் இருந்தார்கள், ஆனாலும் கண்ணாடியை விடவில்லை. ஒரு படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார், இன்னொன்றில் நம்மைப் பார்க்கவே விருப்பமில்லாதவர் போல இருக்கிறார். முகம் ஒன்றுதான், ஆனால் இரண்டு பெண்கள். ஐரோப்பியப் பெண்ணா, இந்தியப் பெண்ணா என்று தன்னிடமே விசாரிப்பது போல எனக்குப் படும். 1934 இல் இந்தியா திரும்பினார். பிறகு அஜந்தாவைப் பார்த்துத் தெற்கே குமரி வரை வந்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்களை வரைந்தார். அவர்களின் கண்களில் இருக்கும் சோர்வை, அதற்கு முன்பே தன் முகத்தில் வரைந்து பார்த்திருந்தார்.

1941 டிசம்பரில் லாஹூரில் இறந்தபோது அவருக்கு வயது 28.